ரெண்டு கிழமை

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டு, விளையாட்டில் வரும் பிழைகளை எழுதி வைக்க வாங்கியது. பிழைகள் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஒரு பட்டியலில் ஏறிவிடுவதால் ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. பேச ஆளில்லாமல் நாட்குறிப்பு எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நோட்டு வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்பது நாள். பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு 'கரண்ட் போன தெரு' வெளியாகிறது. ஃபோனில், கம்ப்யூட்டரில், டிவியில் மாட்டுகிற கன்சோலில், மூன்றிலும் ஒரே நிமிடத்தில். பெரிய கம்பெனிகள் இதை விளம்பரத்துக்காகச் செய்வார்கள். எனக்கு வேறு வழியே இல்லை. இது இரண்டு பேர் ஆடும் ஆட்டம். ஒருவர் இருட்டு வீட்டுக்குள் ஐந்து பொருள்களைத் தேட வேண்டும். அவர் பெரிய திரையில்தான் ஆட முடியும். இன்னொருவர் எதிர் ஜன்னலில் டார்ச்சோடு நிற்பார். அவர் ஃபோனில்தான் ஆட முடியும். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று ஜன்னல்காரருக்குத் தெரியும். அங்கே வெளிச்சம் அடித்துக் காட்டுவார். பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது, பெயர்கூடக் கிடையாது. முன்பின் தெரியாத இரண்டு பேரை சர்வர் சேர்த்துவைக்கும். ஆக, ஃபோன் மட்டும் முதலில் வந்தால் தெரு முழுக்க டார்ச்சோடு ஆட்கள் நிற்பார்கள், வீட்டுக்குள் ஒரு ஈ காக்கை இருக்காது.

பேச்சு வேண்டாம் என்பது மேகலாவின் யோசனை. நானும் அவளும் மூன்று வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து செய்தது இது. ஜூலையில் புனேயில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகட்டும், நல்ல வேலை. அவள் மேஜைமேல் இப்போது தண்ணீர் கேன் இருக்கிறது.

பெரிய திரை வேலையை அதன்பிறகு செய்து தருபவர் டொரொண்டோவில் இருக்கும் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர். ஆகஸ்டிலிருந்து பட்டியலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதோடு சரி. பிழை எண் இத்தனை, சரிசெய்தாயிற்று, நன்றி. குரலைக் கேட்டதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் இன்று வரவில்லை. யாரோடும் பேசவில்லை. கேஸ் கொண்டுவந்தவரிடம் "வெச்சிட்டுப் போங்க" என்றதைச் சேர்த்தால் பேசினேன்.

நவம்பர் 6, புதன்

தயாபரன் முதல் முறையாகக் கூப்பிட்டார். எனக்குச் சாயங்காலம் ஆறரை, அவருக்குக் காலை எட்டு.

"வணக்கமுங்க சார். தாட்சாயணி பேசறேன், கோயமுத்தூர்ல இருந்து."

"ஓம் ஓம், சொல்லுங்கோ தங்கச்சி. சார் எல்லாம் வேண்டாம், அண்ணா எண்டே கூப்பிடுங்கோ."

அரை மணி நேரம் வேலை விஷயம் போயிற்று. முடிக்கும்போது, "சரிங்ண்ணா, மிச்சத்த நாளைக்குப் பேசறேன்" என்றேன்.

"ஏன் தங்கச்சி பேசப் போறியள்? நான் என்ன பிழை விட்டனான்?"

அப்புறம்தான் விளங்கியது. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவதாம். நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்களாம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரே மொழியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தோமே என்றார். நான் சத்தமாகச் சிரித்ததில் கீழ்வீட்டம்மா மாடிப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நவம்பர் 9, சனி

காலையில் எழுந்தால் தயாபரன் அண்ணாவின் குரல் செய்தி. சோகமாக இருந்தது குரல். "தங்கச்சி, கன்சோல்காரர் எங்கட ஆட்டத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். மெஷினை நித்திரையாக்கி எழுப்பினா வீடு உறைஞ்சு நிக்குதாம். பாத்தனான், கம்ப்யூட்டரிலயும் அதே பிழைதான். திருத்தி, அவை திரும்பப் பாத்து முடிய வேணும். புதன்கிழமையை ரெண்டு கிழமை தள்ளி வைப்பமோ?"

இதற்கா இவ்வளவு சோகம்! உடனே பதில் அனுப்பினேன். "சரிங்ண்ணா, ரெண்டு கிழமை தள்ளிக்கலாம். ஒண்ணும் பிரச்சினை இல்லீங்."

"பெரிய மனசு தங்கச்சி உங்களுக்கு. நீங்கள் பேசப் போறியள் எண்டு பயந்துகொண்டிருந்தனான்."

நல்ல மனிதர். ஆனால் இந்தச் சின்ன விஷயத்துக்குப் பயப்படுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஃபோனில் ஆட்டங்களை இறக்கிக்கொள்ளும் கடைகள் இரண்டிலும் தேதியை மாற்றிவிட்டேன். புதனிலிருந்து இரண்டு தள்ளி, பதினைந்து, வெள்ளி. பெரிய திரைக்கு அவர் போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமை பதினொரு மணி நல்ல ராகு காலம். அண்ணியிடம் சொல்லக் கூடாது.

நவம்பர் 11, திங்கள்

பொள்ளாச்சியிலிருந்து அண்ணி கூப்பிட்டாள். இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குட்டிப்பயலுக்குக் காதுகுத்து. "அத்தைக்காரி நீ முன்னால நிக்காம எப்படி அம்மணி? சனிக்கிழமையே வந்துரோணும்" என்றாள். அதற்குள் எல்லாம் வெளியாகி முடிந்திருக்கும், வருகிறேன் என்றேன். புடவையை இஸ்திரிக்குப் போட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

பதினொரு மணிக்கு இரண்டு ஃபோன் கடைகளிலும் வந்துவிட்டது. மேகலா கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள். மூன்று வருடத்துக்கு ஒரு கட்டைவிரல். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

பதினொன்றேகாலுக்குக் கம்ப்யூட்டரில் வரவில்லை, கன்சோலில் வரவில்லை. பதினொன்றரைக்கும் இல்லை. கூப்பிட்டேன், அவருக்கு நடுஇரவு, எடுக்கவில்லை. சர்வரில் பதினான்கு ஜன்னல்கள். பதினான்கு பேர் இருட்டுத் தெருவைப் பார்த்து டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு காலி. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். புதிதாக வேறு பதினான்கு பேர் வந்தார்கள். ஒரு மணிக்கு முதல் விமர்சனம் வந்தது, ஒற்றை நட்சத்திரம்: 'எதிர் வீட்டில் யாருமே இல்லை. ஏமாற்று வேலை.'

ஐந்தரைக்கு எடுத்தார்.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல ஏனுங் இன்னும் வரல?"

"இப்ப எப்படி வரும் தங்கச்சி? இருபத்தேழாம் திகதிதானே."

"எந்த இருபத்தேழு?"

"நீங்கள்தானே சொன்னியள், ரெண்டு கிழமை தள்ளலாம் எண்டு."

"ஆமாங். புதன், வியாழன், வெள்ளி. ரெண்டு கிழமை தள்ளி இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி. எங்களுக்குக் கிழமை எண்டா ஏழு நாள்."

"கிழமைன்னா ஒரு நாளுங்ண்ணா! செவ்வாய்க்கிழமை ஏழு நாளைக்கா வருது?"

பேசுவதற்கும் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுச் சிரித்தவள்தான் நான். அந்த வார்த்தையையே திருப்பிச் சொல்லி உறுதிசெய்தவளும் நான்தான். அதையெல்லாம் மறந்துவிட்டு, அவர்கள் ஊர் அர்த்தத்தில் அவரை நன்றாகப் பேசினேன். என் மூன்று வருடம் போச்சு என்றேன். தேதியை எண்ணில் சொல்லத் தெரியாதா என்றேன். அவர் வயதுக்கு அது அதிகம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 16, சனி

செய்ய வேண்டியது என்ன என்று தெரியும். ஃபோன் ஆட்டத்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இருபத்தேழில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும். அதற்குள் வாங்கியவர்கள் கைவிட்டுப் போவார்கள், கடைக்காரர்களின் அனுமதிக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இருந்தாலும் அதுதான் சரி. பத்து மணிக்கு அதைச் செய்யத்தான் உட்கார்ந்தேன்.

சர்வரில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. பச்சை. ஜன்னல்காரர்கள் எல்லோருக்கும் ஒரு நிறமும் ஒரு எண்ணும் உண்டு, இவருக்கு 318. காத்திருந்த நேரம் நாற்பத்தொரு நிமிடம். ஆளில்லாத தெருவை ஒருவர் நாற்பத்தொரு நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபோனை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் டார்ச் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலாக, மேலிருந்து கீழே, பொறுமையாக.

என்னிடம் சோதனைக்கு வைத்திருந்த பெரிய திரைப் பதிப்பு இருந்தது. மெஷினைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் ஓடும். சர்வர் ஒழுங்காக ஜோடி சேர்க்கிறதா என்று பார்க்க அதைத் திறந்தேன். வீட்டுக்குள் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவ்வளவுதான், பச்சை ஜன்னலின் டார்ச் துள்ளிக்கொண்டு என் முகத்துக்கு வந்துவிட்டது.

கடைகளிலிருந்து எடுக்கவில்லை. கடைப் பக்கத்தில் இருபத்தேழாம் தேதி பற்றி ஒரு அறிவிப்பு மட்டும் போட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்?

நவம்பர் 17, ஞாயிறு

காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை வீட்டுக்குள் நானே இருந்தேன். முப்பத்தொரு ஆட்டம். யார் அதிகம் காத்திருக்கிறாரோ அவரை சர்வர் எனக்குக் கொடுக்கும். சிவப்பு ஜன்னல் ஒருவர் அவசரக்காரர், டார்ச்சாலேயே அதட்டுவார். இரண்டு குழந்தைகள் சேர்ந்து ஒரு ஃபோனைப் பிடித்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், வெளிச்சம் சண்டை போட்டது. மதியம் சாப்பிட மறந்துவிட்டேன். விமர்சனம் ஒன்று: 'கொஞ்சம் காத்திருந்தால் ஆள் வருகிறார். நல்ல ஆள்.'

நவம்பர் 18, திங்கள்

இருபத்தெட்டு ஆட்டம். மாவு தீர்ந்துவிட்டது. மூன்றரைக்குப் பச்சை ஜன்னல்.

நவம்பர் 19, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு சர்வரில் ஒரு விசித்திரம். வீடுகள்: இரண்டு. ஒன்று நான். இன்னொன்று யார்? கள்ளப் பதிப்பு வெளியே போய்விட்டதோ என்று பதறிப்போய்ப் பார்த்தால், அது டொரொண்டோவின் சோதனை மெஷின். நான்கு நாளாகத் தயாபரன் அண்ணாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவர் பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வீட்டுக்குள் புகுந்து, யாருக்கோ பூட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கூப்பிட்டேன்.

"அண்ணா, நீங்களா வீட்டுக்குள்ள?"

"ஓம். ஆக்கள் நிக்கினம், பாவம். காலமை ரெண்டு மணித்தியாலம் நான் பாக்கிறன். நீங்கள் அந்த நேரம் சாப்பிடுங்கோ."

"வெள்ளிக்கிழமை நான் ரொம்ப…"

"அதை விடுங்கோ. நீங்கள் பேசினது எனக்கு ஆறுதல்தான். மனிசி போன பிறகு என்னைப் பேசவும் ஆளில்லை. வீட்டில நானும் குளிருக்குப் போட்ட ஹீற்றரும்தான்."

மனைவி இறந்துபோன விஷயம் இதுவரை எனக்குத் தெரியாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இவ்வளவு நாளில் அதைக்கூடக் கேட்டதில்லை.

நவம்பர் 21, வியாழன்

பச்சை ஜன்னலைப் பற்றி எழுதிவைக்க வேண்டும், ஆட்ட வடிவமைப்புக்கு உதவும்.

ஐந்தாவது பொருள் எப்போதும் பூனைதான், அது மட்டும் எங்கே என்று ஜன்னல்காரருக்கும் தெரியாது. அதைத் தூக்கியதும் கரண்ட் வந்து ஆட்டம் முடிந்துவிடும், ஜோடி பிரிந்துவிடும். எல்லா ஜன்னல்காரர்களும் நான்கு பொருள் கிடைத்ததும் பரபரவென்று பூனையைத் தேடுவார்கள். 318 தேட மாட்டார். நான்கு கிடைத்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவர், படிக்கட்டு, கொடிக்கயிறு என்று சும்மா சுற்றிவருவார். நேற்று பூனைமேலேயே வெளிச்சம் பட்டது. சட்டென்று நகர்த்திவிட்டார். தெரியாத மாதிரி கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் பூனையை எடுத்திருக்கலாம். அது எங்கே இருக்கும் என்பதை எழுதியதே நான்தான். எடுக்கவில்லை. அறை அறையாக மெழுகுவர்த்தியோடு நடந்தேன், அவர் வெளிச்சத்தோடு கூட வந்தார். பதினைந்து நிமிட ஆட்டம் ஐம்பது நிமிடம் போயிற்று. மெதுவாக ஆடுகிறவர்களுக்கும் ஆட்டம் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டேன்.

எந்த நாடு, எந்த ஊர் என்று சர்வரில் பார்க்கலாம். பார்க்கவில்லை.

நவம்பர் 23, சனி

பொள்ளாச்சிக்குப் போகவில்லை. சர்வரில் கோளாறு என்று சொன்னேன். கோளாறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பதினொரு மணிக்கு அண்ணி வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் பந்தலும் கூட்டமும். பயல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாரும் அத்தை எங்கேன்னு கேக்கறாங்க. ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டரப் பாக்காட்டி என்னம்மணி ஆயிரும்?"

"ஆளுங்க காத்துட்டிருக்காங்க அண்ணி."

"இங்க மட்டும் யாரு காத்திருக்கல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஃபோனைப் பயல் காதுக்குக் காட்டினாள். சின்னக் கம்மல், சுற்றிலும் சிவந்திருந்தது.

அவள் கேட்டது நியாயம். நான் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு மூன்றரைக்கு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். பச்சை ஜன்னல் மூன்று முப்பத்திரண்டுக்கு வந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

கன்சோல்காரர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். நாளை காலை பதினொரு மணி. தயாபரன் அண்ணாவும் நானும் இந்த முறை தேதியை எண்ணில் சொல்லி, எழுத்தில் சொல்லி, கிழமையில் சொல்லி, காலண்டரைப் படம் எடுத்தும் அனுப்பிக்கொண்டோம். அவர் சந்தோஷமாக இருந்தார். நானும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

318 இன்று வந்தார். நாளையிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள் என்று சொல்ல வழியில்லை. பேச்சு கிடையாது என்று விதி செய்தது நாங்கள்தான். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் சுற்றினோம். கடைசியில் நானே போய்ப் பூனையைத் தூக்கிவிட்டேன். தூக்கியதும் தெரு முழுக்க விளக்கு எரிந்தது.

நவம்பர் 27, புதன்

மூன்றிலும் வெளியாகிவிட்டது, ஒரே நிமிடத்தில். மதியத்துக்குள் வீடுகள் நானூறு, ஜன்னல்கள் அறுநூறு. இரண்டு வினாடியில் ஜோடி கிடைக்கிறது. விமர்சனங்கள் ஏறுகின்றன. மேகலா இந்த முறை கூப்பிட்டாள், நன்றாகவே பேசினாள், கூட்டத்துக்கு நேரமாயிற்று என்று வைத்தாள்.

தயாபரன் அண்ணா: "இனி நீங்கள் நிம்மதியா நித்திரை கொள்ளலாம் தங்கச்சி."

நவம்பர் 28, வியாழன்

தூங்கினேன். சமைத்தேன். துணி துவைத்தேன். பதினொரு மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது.

நவம்பர் 29, வெள்ளி

எல்லாம் நன்றாக ஓடுகிறது. என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

நவம்பர் 30, சனி

மூன்றரைக்கு சர்வரைத் திறந்தேன். வேலை இருந்தது என்று எழுதப் போனேன். இல்லை. 318ஐப் பார்க்கத்தான் திறந்தேன்.

வந்திருந்தார். இரண்டு வினாடியில் ஜோடி கிடைத்தது. ஆறு நிமிடத்தில் போய்விட்டார். ஆட்டம் முடியவில்லை, பாதியில் விட்டுவிட்டார். மறுபடி வந்தார், வேறு வீடு, நான்கு நிமிடம், விட்டுவிட்டார். மறுபடி. இணைப்புக் கோளாறோ என்று பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். இணைப்பு நன்றாக இருந்தது. புதன்கிழமையிலிருந்து அவர் எழுபத்துமூன்று வீடுகளுக்குப் போயிருக்கிறார். நல்ல ஆட்டக்காரர்களின் வீடுகள். விறுவிறுவென்று நான்கு பொருளை எடுத்து ஐந்தாவதைத் தேடி ஓடுகிறவர்கள். அவர்கள் ஓடத் தொடங்கியதும் இவர் போய்விடுகிறார். எழுபத்துமூன்று முறையும் அப்படித்தான்.

தேடுகிறார். என்னைத் தேடுகிறார். இதற்கு வேறு அர்த்தம் கிடையாது, நான் எத்தனை தடவை படித்துப் பார்த்தாலும்.

யாருக்கு யார் என்பதில் நாம் கை வைக்கவே கூடாது என்று மேகலா ஒரு விதி வைத்திருந்தாள். கை வைத்தால் தெருவில் நம்பிக்கை போய்விடும் என்பாள். சரியான விதி, நானும் ஒத்துக்கொண்டதுதான். இன்று மூன்று ஐம்பதுக்கு அதை மீறினேன். வரிசையை நிறுத்தி, 318க்கு நேரே என் வீட்டை வைத்தேன். விளையாட்டு நல்லபடியாக ஓட வேண்டும், நட்சத்திரம் ஏற வேண்டும் என்று ஒரு காரணமும் இன்று இல்லை. எனக்கு அந்த ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

மெழுகுவர்த்தியை ஏற்றினேன். டார்ச் வந்தது. சாவியைக் காட்டினார், எடுத்தேன். செருப்பு, மாத்திரை, கடிதம். நான்கும் ஆயிற்று. அதன்பிறகு நான் நகரவில்லை. ஜன்னலோரம் அப்படியே நின்றேன்.

டார்ச்சும் நின்றது. பிறகு மெதுவாக என் முகத்துக்கு வந்து ஆடத் தொடங்கியது. ஃபோனைப் பிடித்திருக்கும் கை எப்படி அசைகிறதோ அப்படியேதான் வெளிச்சமும் அசையும்; அதை எழுதியவள் நான். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வயதான கையா, அழுகிற கையா, தெரியாது.

அரை மணி நேரம் நாங்கள் எதையும் தேடவில்லை.